மூணாறு குளிரில் குளத்தோரச் செடிகள்

மூணாறு, தேவிகுளம் பக்கம் வீட்டில் குளம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஜனவரிப் பனிக்கு எந்தச் செடி தாங்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, தொட்டி மண்ணுக்கு மேலே எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்பது. பனியில் செத்ததாகப் பழி சுமக்கும் செடிகள் பலவும் ஆழம் தப்பி அழுகியவை.

குளத்தின் உள்ஓரத்தில் ஓரடி அகலத்துக்குப் படி விடுங்கள். படி நீர்மட்டத்துக்கு 10 அங்குலம் கீழே இருக்கட்டும். அதில் 8 அங்குல உயரத் தொட்டியை வைத்தால் மேலே 2 அங்குலம் தண்ணீர். வசம்புக்கு (மலையாளத்தில் வயம்பு) அது சரியான அளவு. அதே தொட்டியின் அடியில் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தால் வாய் தண்ணீருக்கு மேலே வந்துவிடும், மண் மட்டும் ஊறியே இருக்கும். வல்லாரைக்கு அது போதும்.

வெள்ளைக் கால்லா லில்லியையும் 2 அங்குலத்தில் தொடங்கி, வேர் பிடித்தபின் 6 அங்குலம் வரை இறக்கலாம். பனியில் இலை கருகினாலும் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது; வெயில் ஏறியதும் புதுக் குருத்து வரும். கருகிய இலையை அன்றைக்கே வெட்டிவிடாதீர்கள், அது குருத்துக்குப் போர்வை. தண்ணீரில் தொங்குவதை மட்டும் கிள்ளி எடுங்கள், இல்லாவிட்டால் அழுகி நாறும்.

மண் விஷயத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பக்கத்தில் கிடைக்கிறதே என்று தேயிலைக் காட்டு மண்ணை அள்ளாதீர்கள். உரமும் களைக்கொல்லியும் போட்ட மண் அது. தொழுவுரம், மண்புழு உரம் இரண்டும் வேண்டாம். மிதந்து வெளியே வந்து பத்தே நாளில் தண்ணீரைப் பச்சையாக்கும். களி கலந்த வெறும் செம்மண் போதும். தொட்டிக்குள் சாக்கு விரித்து மண்ணை அழுத்தி நிரப்பி, மேலே ஓரங்குலம் பொடிச்சரளை பரப்புங்கள். மீன் மண்ணைக் கிளறாமல் இருக்க இது. நன்றாக நனைத்தபின் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும். காய்ந்த மண்ணோடு இறக்கினால் காற்றுக் குமிழி செடியையே தூக்கிவிடும். பிப்ரவரிக் கடைசியில் ஒரு தேக்கரண்டி எலும்புத்தூளைக் களிமண்ணில் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி, வேரோரம் விரலால் ஆழமாகச் செருகிவிடுங்கள். வருஷத்துக்கு அது ஒன்றே உரம்.

வாட்டர்கிரஸ் கீரைக்குத் தொட்டியே வேண்டாம். தண்ணீர் வந்து விழும் இடத்தில் சரளையில் 4 அங்குலத் தண்டுகளைக் கணு புதைய அழுத்தினால் சீக்கிரமே வேர் விடும். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில்தான் அதற்குத் தெம்பு. தேங்கிச் சூடானால் பூத்து முற்றிக் கசக்கும். அசுவினிப் பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மருந்தடித்தால் மீன் போய்விடும். மேட்டில் மாடு மேயும் ஓடைத் தண்ணீர் என்றால் இந்தக் கீரையைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. ஈரல் புழு அதன் வழியாகத்தான் வரும். வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

நட ஏற்ற காலம் செப்டம்பர் கடைசி. ஜூன், ஜூலை அடைமழையில் நட்டால் வெள்ளம் தொட்டியைக் கவிழ்க்கும். மழைக்கு முன்பே நீர்மட்டத்தில் இரண்டங்குல வடிகுழாய் வைத்து, வாயில் வலை கட்டிவிடுங்கள். சருகு அடைத்துக்கொண்டால் மட்டம் ஏறி வல்லாரை முழுகிவிடும், அதனால் மழைக்காலத்தில் தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

வசம்பை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, முனைக் குருத்தோடு 4 அங்குலத் துண்டாகக் கிடைமட்டமாக நடுங்கள். கால்லாவைப் பிரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் அரிக்கும். வெட்டிப் போட்ட இலையைக் குழந்தைகளுக்கோ ஆட்டுக்கோ எட்டாமல் குழியில் புதைத்துவிடுங்கள்.