கரண்ட் போனா கூடை எங்க நிக்கும்?

சின்னதா ஹிஸ்டோபேத்தாலஜி லேப் (உடம்புல இருந்து எடுத்த டிஷ்யூவ மைக்ராஸ்கோப்ல பாத்து நோய் சொல்ற எடம்) நடத்துற ஃப்ரெண்ட் ஒருத்தி போன வாரம் ஃபோன் பண்ணி, டிஷ்யூ ப்ராசஸர் வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லுன்னா. ஒரு நாளைக்கு எத்தனை கேசட் (டிஷ்யூ துண்ட போட்டு மூடுற சின்ன டப்பா) வரும்னு கேட்டேன். 30, மிஞ்சிப் போனா 40ஆம். கையில வச்சிருந்த கொட்டேஷனோ 300 கேசட் புடிக்கிற மெஷினுக்கு. நாலு பேர் போறதுக்கு பஸ் எதுக்குடின்னு கேட்டேன், சிரிச்சா, ஆனா கொட்டேஷனை விடுற மாதிரி தெரியல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். ஃபார்மலின்ல ஊறின டிஷ்யூல இருக்குற தண்ணிய 70 சதவீதத்துல ஆரம்பிச்சு ஆப்சல்யூட் (தண்ணியே கலக்காதது) வரைக்கும் ஆல்கஹால்ல படிப்படியா எடுத்து, அந்த ஆல்கஹால சைலீன்ல எடுத்து, கடைசில 60 டிகிரி கிட்ட உருகி நிக்கிற வேக்ஸ உள்ள ஏத்துறதுதான் மெஷினோட வேலை. சாயங்காலம் போட்டுட்டு வீட்டுக்குப் போனா காலைல எம்பெடிங்குக்கு (வேக்ஸ்ல பதிச்சு பிளாக்கா ஆக்குறதுக்கு) ரெடியா இருக்கணும். அதாவது வேலை நடக்குறப்ப பக்கத்துல ஒருத்தரும் இருக்க மாட்டோம். இத மனசுல வச்சுக்கிட்டுதான் மெஷினே பாக்கணும்ங்கறேன் நான்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, முன்னாடி நான் வேலை பார்த்த லேப்ல ஒரு நாள் காலைல கதவ திறந்தா கேசட் எல்லாம் இருக்குற கூடை ரெண்டாவது சைலீனுக்கும் வேக்ஸுக்கும் நடுவுல அந்தரத்துல தொங்குது. ராத்திரி கரண்ட் போயிருக்கு, திரும்பி வந்திருக்கு, மெஷின் யாராச்சும் பட்டன அமுக்குவாங்கன்னு சமத்தா காத்துக்கிட்டு இருந்திருக்கு. உள்ள பேட்டரி இருந்துச்சு, செத்து எத்தனை மாசம் ஆச்சோ, யாரும் பாக்கல (நானும்தான்). கேசட்ட திறந்தா ப்ராஸ்டேட் கோர் (ஊசில எடுத்த மெல்லிசு டிஷ்யூ) எல்லாம் காஞ்சு நூல் மாதிரி சுருண்டு கெடக்கு. எப்படியோ பிளாக் போட்டு, வெட்டி, ஸ்டெயின் பண்ணிக் குடுத்தோம். ரிப்போர்ட் குடுக்குற பேத்தாலஜிஸ்ட் மேடம் மைக்ராஸ்கோப்ப விட்டு நிமிராமலே, "ஓரமெல்லாம் கருப்பா இருக்கும்மா, நியூக்ளியஸே தெரியல, ஸ்பெசிமன் ஜார்ல மிச்சம் டிஷ்யூ இருக்கா?"ன்னாங்க. கர்ப்பப்பை மாதிரி பெரிய ஸ்பெசிமன்னா ஜார்ல மிச்சம் இருக்கும், திரும்ப வெட்டிப் போட்டுக்கலாம். ஊசில எடுத்த கோர்ல ஏது மிச்சம், வந்தது முழுசும் கேசட்டுக்குள்ள போயிடுமே.

வகைன்னு பாத்தா முக்கியமா ரெண்டு. ஒண்ணு ரோட்டரி, கூடை ஜார் ஜாரா ஏறி இறங்கிப் போகும், பொதுவா 12 ஸ்டேஷன், கடைசி ரெண்டு மூணு வேக்ஸ். இன்னொண்ணு மூடின டைப், டிஷ்யூ ஒரே சேம்பர்ல உக்காந்திருக்கும், கெமிக்கல்தான் உள்ள வந்துட்டுப் போகும். மூடினதுல டிஷ்யூ காத்துல தொங்குற பிரச்சினையே கெடையாது, சைலீன் வாடையும் ரொம்பக் கம்மி, வேக்குவம் கூடவே வரும், அது கொழுப்பு டிஷ்யூக்கும் காத்து புடிச்சிருக்குற நுரையீரலுக்கும் ரொம்ப நல்லது. அப்ப அதையே வாங்கிடலாமேன்னா, அங்கதான் சிக்கல். ட்யூபுலயோ வால்வுலயோ வேக்ஸ் உறைஞ்சு அடைச்சுக்கிச்சுன்னா நம்ம கையால ஒண்ணும் பண்ண முடியாது, சர்வீஸ் இன்ஜினியர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஒவ்வொரு ரன் முடிஞ்சதும் க்ளீனிங் சைக்கிள் வேற. பாட்டிலுக்கு மூணு லிட்டருக்கு மேல கெமிக்கல் புடிக்கும், 30 கேசட்டுக்கு அது அநியாயம். ரோட்டரில ஜார் ரெண்டு லிட்டர் சுமாருக்குத்தான், மோட்டார் நின்னாலும் கேசட்ட கையால எடுத்து அடுத்த ஜார்ல போட்டு மிச்சத்த முடிச்சிடலாம். வாடைக்கு எக்ஸாஸ்ட் கண்டிப்பா வேணும், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தலைவலி நமக்குத்தான்.

அதனால அவளுக்கு நான் சொன்னது ரோட்டரி, வேக்குவம் ஆப்ஷனோட, ரெண்டு ப்ரோக்ராமாச்சும் சேவ் பண்ற மாதிரி. எண்டோஸ்கோப்பில வர்ற துணுக்கையும் ப்ரெஸ்ட் கொழுப்பையும் ஒரே ரன்ல போட்டா துணுக்கு மொறுமொறுன்னு ஆகி கத்தி பட்டதும் பொடியும், கொழுப்பு உள்ள வேக்ஸே ஏறாம பிளாக்ல இருந்து கழண்டு விழும். எவ்ளோ காஸ்ட்லி மெஷினா இருந்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல தடிமனா வெட்டிப் போட்டா ஒண்ணும் பண்ணாது, அது க்ராசிங்ல (ஸ்பெசிமன வெட்டி கேசட்ல போடுறப்ப) நம்ம பண்ற தப்பு. டிலே ஸ்டார்ட்டும் இருக்கணும், லீவு நாள்ல கூடை ஃபார்மலின்லயே காத்திருக்கட்டும், வேக்ஸ்ல ரெண்டு நாள் வேக வேணாம்.

அப்புறம் ஒண்ணு சொன்னேன், டெமோல கூடை மேல தூக்கி இருக்குறப்ப ப்ளக்க புடுங்குன்னு. போய் நெஜமாவே புடுங்கியிருக்கா. மொத மெஷின் பேட்டரில ஓடி கூடைய அடுத்த ஜார்ல இறக்கி வச்சுட்டு நின்னுச்சாம். இன்னொண்ணு தூக்குன எடத்துலயே நிறுத்திட்டு பீப் பீப்னு கத்திச்சாம். விக்க வந்தவர், "அலாரம் நல்லா கேக்கும் மேடம்"னாராம். ராத்திரி லேப்ல யார் இருப்பாங்கன்னு இவ கேட்டதுக்கு பதில் வரல.

மொத மெஷினுக்கு ஆர்டர் போட்டுட்டா. பேட்டரி எத்தனை வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும்னு எழுதி வாங்குடின்னு நேத்து மறுபடி மெசேஜ் போட்டிருக்கேன்.