பதிவு இருக்க வேண்டிய நாள்

கோயம்புத்தூரில் நண்பரும் நானும் சேர்ந்து கண்காணிப்பு கேமரா பொருத்தும் தொழிலைத் தொடங்கியது 2017ஆம் ஆண்டில். காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலை எங்கள் முதல் பெரிய வேலை. கேமராக்களின் பதிவுகளை நிர்வகிக்க சோன்மைண்டர் என்னும் கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியது) நிறுவப் போகிறோம், அதற்கு உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது என்று நான் பெருமையுடன் விளக்கியபோது, ஆலை உரிமையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, அது சும்மா கிடைக்குதுன்னா நீங்க எதுக்குங்க காசு வாங்கறீங்க?" என்றார். வயரிங், வேலையாட்கள் கூலி, சர்வர் விலை என்று அடுக்கினேன். அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் நான் சொன்னது சரியான விடையன்று என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அந்த மென்பொருளை நாங்கள் தேர்ந்தெடுக்கத் தகுந்த காரணம் இருந்தது. ஆலையில் ஏற்கெனவே மூன்று நிறுவனங்களின் கேமராக்கள் இருந்தன. ஒரு நிறுவனத்தின் என்விஆர் என்ற பதிவுப் பெட்டியை வாங்கினால் மற்ற இரண்டையும் கழற்றிப் போட வேண்டியிருக்கும். ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி ஆகிய பொதுத் தரங்களின்படி படம் அனுப்பும் எந்தக் கேமராவையும் சோன்மைண்டர் ஏற்றுக்கொள்ளும். தன் வண்டிக்கொட்டகையிலிருந்து கருவிகள் திருடு போனதால் பிலிப் கூம்ப்ஸ் என்பவர் தமக்காக எழுதத் தொடங்கிய நிரல் அது. திருட்டுக் கொடுத்த ஒருவரின் தேவையிலிருந்து பிறந்தது என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பற்று. 2018இல் வெளிவந்த 1.32 பதிப்பு, கேமரா எச்.264 முறையில் சுருக்கி அனுப்பும் காணொளி ஓட்டத்தைப் பிரித்துக் கோக்காமல் அப்படியே சேமிக்க வழிசெய்தது. அதற்கு முன்னர் காணொளியின் ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி ஜேபெக் படமாக ஹார்ட் டிஸ்க்கில் விழுந்துகொண்டிருந்ததால், எட்டுக் கேமராவுக்கே சர்வர் திணறும்.

எங்களைத் திருத்திய நிகழ்ச்சியும் அந்த ஆலையிலேயே நடந்தது. நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா ஒரு நாளில் ஏறத்தாழ 43 ஜிபி எழுதும். எட்டுக் கேமராக்கள் விடாமல் பதிந்தால் 8 டிபி ஹார்ட் டிஸ்க் 23 நாளில் நிரம்பிவிடும். எனவே அசைவு தெரியும்போது மட்டும் பதியுமாறு அமைத்து, 45 நாள் பதிவு இருக்கும் என்று உரிமையாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கை நாடிப் பூச்சிகள் வரும், பூச்சிகளை நாடிச் சிலந்தி வரும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. லென்ஸுக்கு முன்னால் பின்னிய வலையில் தவிட்டுத் தூசி படிந்து, அந்த ஒளியில் வெள்ளை வெளேரென்று மின்னி, காற்றில் விடிய விடிய ஆடிக்கொண்டிருந்தது. மென்பொருளுக்கு அது இரவு முழுவதும் அசைவு. டிஸ்க் 95 விழுக்காடு நிரம்பியதும் மிகப் பழைய பதிவுகளை அழிக்க வேண்டும் என்பது அதற்கு இடப்பட்ட விதி. அது தன் கடமையைச் செய்தது. மாதக் கடைசியில் இருப்பைச் சரிபார்த்தபோது நெல் மூட்டைகள் குறைந்திருப்பது தெரிந்து, 31 நாளுக்கு முந்தைய ஓர் இரவைக் காட்டச் சொன்னார் உரிமையாளர். எங்களிடம் இருந்தது 26 நாள் மட்டுமே. அவர் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அடுத்த வாரமே சிறிய நிரல் ஒன்றை எழுதினோம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் சர்வரும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு கேமராவிலும் எத்தனை நாள் பதிவு கையில் இருக்கிறது, எது நேற்றிரவு வழக்கத்துக்கு மீறி எழுதியது, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்பவற்றைக் கணக்கெடுத்து, எங்களுக்கும் அவருக்கும் அனுப்பும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'மென்பொருள் நிறுவுதல்' என்ற வரியை நீக்கிவிட்டு, 'குறித்த நாள்களுக்கான பதிவு இருப்பதை உறுதிசெய்தல்' என்று எழுதினோம். தவறினால் அந்த மாதக் கட்டணம் கிடையாது. மாதம் ஒருமுறை கேமராக்களை ஒட்டடைக் கோலால் துடைப்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுத்தாகவே இருக்கிறது. பின்னாளில் சில இடங்களில் ஃப்ரிகேட் என்ற மென்பொருளுக்கு மாறினோம். அசைவு தெரிந்த பகுதியை மட்டும் எடுத்து, அங்கிருப்பது ஆளா வண்டியா என்று அது ஆராய்கிறது. நொடிக்கு 4 லட்சம் கோடி கணக்கீடுகளை 2 வாட் மின்சாரத்தில் செய்யும் கோரல் என்ற சிறு கருவியைச் செருகினால், பழைய கணினியே அந்த வேலைக்குப் போதும். வலை ஆடினால் இப்போது எச்சரிக்கை வருவதில்லை. ஆனாலும் துடைப்பதை நாங்கள் நிறுத்தவில்லை.

கட்டற்ற மென்பொருளை வைத்துப் பிழைப்பவர் வாடிக்கையாளரைக் கட்டி வைக்க முடியாது என்று தொழிலில் மூத்தவர்கள் எச்சரித்தார்கள். உண்மைதான். சோன்மைண்டர் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இருப்பதால், நாங்கள் திருத்திக் கொடுத்த வடிவத்தின் மூலநிரலைப் பெறவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வேலை முடிந்த நாளில் எல்லாக் கடவுச்சொற்களையும் உறையிலிட்டு அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிகளையும் 2016இல் மிராய் என்ற தீநிரல் பெருமளவில் கைப்பற்றியதைக் கண்ட பின்னர், ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்கும் வழக்கத்தை எங்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. வாடிக்கையாளர்கள் இருவர் எங்களை விட்டு வேறு நிறுவனத்திடம் போனார்கள். பதிவுகளும் அமைப்புகளும் முழுமையாக அவர்களுடன் போயின. அவர்களை இழந்ததில் வருத்தம் உண்டு. உறையைக் கொடுத்ததில் வருத்தம் இல்லை.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம், மின்னணுப் பதிவைச் சான்றாகத் தரும்போது அதன் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) சான்றிதழில் குறிக்கச் சொல்கிறது. காவல் நிலையத்திலிருந்து பதிவு கேட்டு வந்தால், வாடிக்கையாளரின் முன்னிலையிலேயே நகலெடுத்து, எஸ்எச்ஏ-256 முறையில் அந்த மதிப்பைக் கணக்கிட்டு, சான்றிதழில் எழுதித் தருகிறோம். இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தாலும் போக வேண்டிய வேலை இது.

காங்கேயத்து ஆலை இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு காலையில், அங்கே இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் ஏழு மணிச் செய்தி போகவில்லை. ஏழேகாலுக்கு என் கைபேசி ஒலித்தது. "ஏனுங்க, இன்னைக்குக் கணக்கு வரலீங்களே" என்றார் உரிமையாளர்.