வெறிக்கு எங்கே விலை வைப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆடுவோம்: ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம், நடத்துவது நான். அதில் பார்பேரியனாக, அதாவது முரட்டுப் போர்வீரனாக, ஆடும் நண்பன், மூன்றாவது லெவல் வந்ததும் ஆசை ஆசையாகப் பெர்சர்க்கர் என்ற வெறியாட்ட வழியை எடுத்தான். அதற்கப்புறம் நான்கு மாதத்தில் அவன் ஃப்ரென்ஸி, அதாவது அந்த வழி தரும் உச்ச வெறி, போனது இரண்டே தடவை. "போறியாடா?" என்று ஒவ்வொரு சண்டையிலும் கேட்பேன். கேரக்டர் ஷீட்டைப் பார்ப்பான். "வேண்டாம் மச்சான், அப்புறம் நான் சும்மா உட்காரணும்."

அவன் சொன்னது நியாயம். ஆட்டத்தின் 2014 விதிப்படி, ரேஜோடு (பார்பேரியனின் சண்டைக் கோபம்) ஃப்ரென்ஸியும் சேர்த்துக்கொண்டால் அடுத்தடுத்த சுற்றுகளில் போனஸ் ஆக்‌ஷனாக இன்னொரு அடி கிடைக்கும். ரேஜ் முடிந்ததும் ஒரு படி களைப்பு. முதல் படியிலேயே எல்லா எபிலிட்டி செக்கிலும், அதாவது திறமையைச் சோதிக்கும் உருட்டல்களில், டிஸ்அட்வான்டேஜ்: இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். இரண்டாவதில் வேகம் பாதி. ஆறாவதில் சாவு. ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் ஒரு படிதான் இறங்கும்.

விலை அதிகம் என்பதல்ல என் வருத்தம். அது விழும் இடம் தப்பு. கதவை உடைப்பது, சுவர் ஏறுவது, காவலாளியை மிரட்டுவது எல்லாமே எபிலிட்டி செக். சண்டை இல்லாத நேரத்தில் ஒரு பார்பேரியனுக்கு இருப்பதே இவைதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் பாவம், அவன் என்னதான் செய்வான்? 2024 விதிகளில் அந்தக் களைப்பை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. வெறி என்றால் யாராவது கொஞ்சமாவது பயப்பட வேண்டாமா?

வழி காட்டியது, அதே ஆட்டத்தில் இருக்கும் பெர்சர்க்கர் ஆக்ஸ் என்ற சாபக் கோடாரி. லெவலுக்கு ஒன்று வீதம் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) கூட்டித் தரும். ஆனால் எதிரியிடம் அடி வாங்கும்போதெல்லாம் 15-க்கு விஸ்டம் சேவ் போட வேண்டும், அதாவது மனவுறுதிக்கான உருட்டலில் 15-ஐ எட்ட வேண்டும். தவறினால் பக்கத்தில் நிற்பவரை வெட்ட வேண்டியதுதான், நண்பனானாலும். எனக்கு மிகவும் பிடித்த சாபம் இது. அதைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டேன்: இனி களைப்பு கிடையாது, ஃப்ரென்ஸியில் ஒரு எதிரியை வீழ்த்தினால் அதே சேவ், தவறினால் அடுத்த அடி பக்கத்தில் நிற்பவருக்கு.

முதல் வாரமே வந்தது. பாலத்தின் மேல், ஹாப்காப்ளின் என்ற அரக்கக் கூட்டத்தின் தலைவன் நண்பனின் ஃப்ரென்ஸியில் சாய்ந்தான். ஐந்தடி தூரத்தில் எங்கள் கூட்டத்துக் கிளெரிக் (பூசாரி), பதினோரு ஹிட் பாயின்ட்டோடு. நண்பன் சேவுக்குப் பகடையை உருட்டினான்: எட்டு. மேசையில் ஒருவரும் பேசவில்லை. ஒன்பது புள்ளி அடி. கிளெரிக்காக ஆடும் தோழி பென்சிலால் 11-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதினாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, கிளெரிக்கின் குரலிலேயே கேட்டாள்: "என்னைத் தெரியுதா?"

அன்று பாதி நேரம் அந்த இருவரின் பேச்சிலேயே போனது. நான் தயார் செய்து வைத்திருந்த குகையை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது ஏறக்குறைய எல்லாச் சண்டையிலும் ஃப்ரென்ஸி போகிறான். போவதற்கு முன் "தள்ளிக்கோங்க" என்று ஒரு குரல் கொடுப்பான். வரைபடத்தில் கிளெரிக்கின் காய் இரண்டு கட்டம் பின்னால் நகரும்.