அந்தாண்ட கரை

வாய்க்கால் கரை மரங்களை வெட்டும் வேலைக்குப் போன பொறியாளர் நான். அங்கே இருந்த லஸ்கர், அதாவது வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர், மரத்தில் கூடு கட்டியிருந்த தூக்கணாங்குருவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை நான் யாரிடம் சொன்னாலும், கேட்டவர்கள் அவரை மரங்களுக்காக மன்றாடிய ஒரு பெரியவராக மாற்றிக்கொண்டு விடுகிறார்கள். அவர் மன்றாடவில்லை. வேலையை எப்படிச் செய்யலாம் என்று ஒரு யோசனை சொன்னார், அவ்வளவுதான்.

“இந்தாண்ட கரைய மட்டும் இப்ப எடுத்துடுவோம் சார். அந்தாண்ட கரைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“எஸ்டிமேட்ல ரெண்டு கரையும் இருக்குண்ணே.”

“சரி சார்.”

சொல்லிவிட்டு பொக்லைன் டிரைவருக்கு இறங்குகிற வழியைக் காட்டப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் பரவனாற்றில் போய்ச் சேருகிற ஒரு வடிகால் வாய்க்கால் அது. பருவமழைக்கு முன்னால் செய்கிற ஜங்கிள் கிளியரன்ஸ், அதாவது கரையில் மண்டிய மரத்தையும் முள்ளையும் வெட்டி எடுக்கிற வேலை. வனத்துறை மதிப்பு போட்டு, மரங்களுக்கு எண் அடித்து, ஏலமும் முடிந்திருந்தது. கடலூர் வடிகால் மாவட்டம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கே எங்கே பெய்தாலும் தண்ணீர் நம் தலையில்தான் வந்து இறங்கும். 2015 நவம்பரில் பாலத்துக் கண்களில் முள்ளும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டு, பின்னாலிருந்த தெருக்களில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவன் நான். அதைப் பார்த்த யாரும் மழைக்கு முந்தின மாதத்தில் வாய்க்காலில் ஒரு மரத்தை விட்டு வைக்கத் தயங்கத்தான் செய்வார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊரிலும் யாரும் எதிர்க்கவில்லை. கரையோர வயல்காரர்கள் நிழல் விழுகிற இடத்தில் பயிர் சோடையாகப் போகிறது என்று மனுவே கொடுத்திருந்தார்கள். குறுவை கதிர் முற்றுகிற நேரம் வேறு. தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வந்து நெல்லைக் கொத்திக்கொண்டு போகின்றன, மரம் போனால் அந்தத் தொல்லையும் போகும் என்றார் ஒருவர். அந்த லஸ்கரும் சும்மா இருக்கவில்லை. ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவைத்து வீட்டுக்கு விறகு ஏற்றிக்கொண்டு போனார். தப்பு என்று சொல்லவில்லை. அவரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தாண்ட கரையில் நின்றவை பெரும்பாலும் நாட்டுக்கருவேலம். கிளைகள் வாய்க்காலுக்கு மேல் சாய்ந்து நிற்கும். தண்ணீருக்கு மேல், முள்ளுக்கு நடுவில் என்றால் பாம்போ மரநாயோ எட்டுவது கஷ்டம் என்பதால் தூக்கணாங்குருவிக்குத் தோதான இடம். இந்தாண்ட கரை முழுக்க வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். 2017 வாக்கில் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை சூடுபிடித்ததிலிருந்து, முள் இருந்தால் அது வேலிக்காத்தான் என்றாகிவிட்டது. மஞ்சள் பூ உருண்டையாக இருந்தால் நாட்டுக்கருவேலம், நீளமாகத் தொங்கினால் சீமை என்பதெல்லாம் பொக்லைன் கேபினிலிருந்து பார்க்கிற விஷயமில்லை. லஸ்கர் விடச் சொன்ன கரை எது என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நாள் ஆனது.

விழுந்த கிளையிலிருந்து ஒரு கூட்டைப் பிய்த்துப் பார்த்தேன். பாதி கட்டிய கூடு. ஆண் குருவி தலைக்கவசம் போலக் கட்டி, குறுக்கே ஒரு தண்டு விட்டு நிறுத்தி வைக்கும். பெட்டை வந்து பார்த்துப் பிடித்தால்தான் கீழே குழாய் இறக்கி முடிக்கும். உள்சுவரில் ஈர மண் அப்பியிருந்தது, விரலில் ஒட்டியது. பக்கத்தில் கிடந்த முடிந்த கூடுகளில் ஒன்றிலிருந்து புள்ளியில்லாத வெள்ளை முட்டைகள் உருண்டு வந்தன. முட்டை பொரிய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம் சொச்சம். அதற்குள் மழை வந்துவிடும். ஆக, பொறுத்திருந்து வெட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த வருஷம் வெட்டலாம் என்பதற்கு இடம் இருந்தது.

இங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். எஸ்டிமேட்டில் இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் எஸ்டிமேட் என்ன, கல்லில் வெட்டியதா? அதே வேலையில், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கேட்டார் என்று ஒரு சிறுபாலத்தை அவர் வயலுக்கு நேராக நகர்த்தி, அதற்கு டீவியேஷன், அதாவது எஸ்டிமேட்டிலிருந்து மாறுவதற்கான குறிப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம். அது நாலு பேர் நடக்கிற பாலம், இது குருவிக் கூடு, இரண்டும் ஒன்றா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதுண்டு. ஒன்றில்லைதான். ஆனால் லஸ்கர் கூட்டைப் பற்றிக் கேட்கவில்லையே, கரையைப் பற்றித்தானே கேட்டார்?

கரை என்று பார்த்தால் பொறியியலே இரண்டு பக்கமும் பேசும். கரையில் மரம் கூடாது, வேர் செத்தால் அந்தத் துவாரத்தில் தண்ணீர் கசிந்து கரை உடையும் என்று படித்திருக்கிறோம். அது உண்மை. அப்படியானால் மரத்தை வெட்டிவிட்டு வேரை உள்ளேயே சாகவிடுவது என்ன கணக்கு? வேரோடு பிடுங்கினால் கரையே பெயரும், அதனால் தரைமட்டத்தில் அறுப்பார்கள். உயிரோடு இருக்கிற வேர் மண்ணைப் பிடித்து நிற்கும், செத்த வேர்தான் கசியும். இதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்த மழைக்குத் தண்ணீர் தடையில்லாமல் வடிந்தது. வெட்டியதால் வடிந்ததா, மழை குறைவா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அறிக்கையில் முதலாவதைத்தான் எழுதினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

அப்புறம் வந்ததுதான் வேடிக்கை. வெட்டிய நாட்டுக்கருவேலம் மறுபடி துளிர்க்கவில்லை. வேலிக்காத்தான் அடிக்கட்டையிலிருந்து புதராகக் கிளம்பி, ஆடு தின்று போட்ட நெற்று வழியாக அந்தாண்ட கரைக்கும் போய்விட்டது. நிழல் போனதால் வாய்க்காலுக்குள் வெயில் நேராக இறங்கி, சம்பும் ஆகாயத்தாமரையும் முன்னைவிட வேகமாக அடைத்தன. ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. அதாவது தண்ணீர் ஓட வேண்டும் என்று நிழலை எடுத்தோம். நிழல் போனதும் தண்ணீர் ஓடுகிற வழியே தூர்ந்தது. வேர் இடுக்கில் சிவப்புக் குஞ்சுகளைச் சுற்றிக் காவல் நிற்கும் விராலும் இப்போது அங்கே இல்லை என்கிறார்கள் தூண்டில் போடும் பையன்கள். மறுபக்கம், வயலில் புழுவைப் பிடிக்கக் கரிச்சான் வந்து உட்காரட்டும் என்று வேளாண் துறையினர் விவசாயிகளைக் குச்சி நடச் சொல்கிறார்கள். தூக்கணாங்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் கொண்டுவந்து ஊட்டும். நெல்லைக் கொத்துகிறது என்று மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சட்டத்தையும் பிறகுதான் படித்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள காட்டுப் பறவைகளின் கூட்டைக் கலைப்பதும் வேட்டையில் சேர்த்தி. வழக்கறிஞர் நண்பரிடம் கேட்டேன். “உங்கிட்டதான் ஆர்டர் இருக்கே, ஏன்டா பயப்படுற?” என்றான். பயத்தில் கேட்கவில்லை என்று சொன்னேன், நம்பவில்லை.

இந்த வருஷம் அதே வாய்க்கால் மறுபடி பட்டியலில் வந்திருக்கிறது. ஒரு கரை மட்டும் என்று போட்டுப் பார்த்தேன். கூட வேலை பார்க்கும் பொறியாளர் சரியாகவே மடக்கினார்: ஒரு பக்கம் மரமும் ஒரு பக்கம் மொட்டையுமாக இருந்தால் வேகம் மொட்டைப் பக்கம் போய் அரிக்காதா? நேர் ஓட்டத்தில் பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். வளைவில் அவர் சொல்வது சரி. ஆகவே வெளிவளைவில் மரத்தை விட்டு, உள்வளைவில் மட்டும் எடுப்பது என்று மாற்றி எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் ‘கரை அரிப்பைத் தடுக்க’ என்றுதான் போட்டேன். குருவி என்று எழுதினால் ஃபைல் நகராது. ஜங்கிள் கிளியரன்ஸ் சதுர மீட்டர் கணக்கு. பாதி எடுத்தால் பாதி பில். அந்தப் பணத்துக்கு பொக்லைனைக் கொண்டுவர எந்த ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்வார் என்பது டெண்டர் போட்டால்தான் தெரியும்.