தூக்கு, கருணைக்கொலை: உணர்ச்சியை அளக்கும் கேள்வித்தாள்

"மரண தண்டனையைப் பற்றி உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேள்வித்தாளில் எழுதினால் ஆய்வு அங்கேயே பாதி கெட்டுவிடும். தோணுவது கருத்தாகவும் இருக்கலாம், உணர்ச்சியாகவும் இருக்கலாம். "தப்பு செஞ்சவனுக்குத் தண்டனை வேணும்ல" என்று பதில் வரும். அது நியாயம் பேசுவது. நமக்கு வேண்டியது, அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனசு என்ன ஆகிறது என்பது.

1994-இல் கிரைட்ஸ், ஃபேப்ரிகார், பெட்டி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் உணர்ச்சிக்கு ஓர் அளவுகோல், அறிவுபூர்வ மதிப்பீட்டுக்கு வேறொன்று என்று பிரித்தது இதற்காகத்தான். முதலாவதில் நிம்மதி–பதற்றம், ஏற்பு–அருவருப்பு, அமைதி–கோபம் மாதிரி ஜோடிகள். இரண்டாவதில் பயனுள்ளது–பயனற்றது, நன்மை–தீமை. உணர்ச்சித் தாளை முதலில் கொடுங்கள். கருத்தை முதலில் கேட்டால், சொன்ன கருத்துக்கு ஏற்றபடி உணர்ச்சியையும் திருத்திக்கொள்வார்கள். மகிழ்ச்சி–துக்கம் ஜோடி தூக்கு விஷயத்தில் உதவாது. மகிழ்ச்சி என்று சொல்ல யாருக்கும் கூசும். 'திருப்தி' என்று வைத்தால் வாய் திறப்பார்கள்.

வாய்மொழியாகக் கேட்கும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் மைனஸ் 3 முதல் ப்ளஸ் 3 வரையிலான ஏழு புள்ளிகளை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் "நிம்மதியா, பதற்றமா, ரெண்டும் இல்லையா?" பிறகு "கொஞ்சமா, நிறையவா, ரொம்பவா?" இரண்டே கேள்வியில் ஏழும் கிடைத்துவிடும்.

பெரிய தொல்லை சொற்களில்தான். 'மரண தண்டனை' சட்டப் புத்தகச் சொல். 'தூக்கு' என்றால் கயிறே கண்முன் வந்துவிடும். 'கருணைக்கொலை'யில் கருணை ஒரு பக்கம் இழுக்க, கொலை மறுபக்கம் இழுக்கும். 2013-இல் அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணிப்பு இதற்கு நல்ல சாட்சி. தீராத நோயாளியின் உயிரை மருத்துவர் வலியில்லாமல் முடிப்பது என்று கேட்டபோது 70% ஆதரவு. 'தற்கொலை செய்துகொள்ள உதவுவது' என்றபோது 51%. ஆகவே சொல் மட்டும் மாறும்படி கேள்வித்தாளை இரண்டு வடிவமாக அச்சடித்து, குலுக்கல் முறையில் ஆளுக்கு ஒன்று கொடுங்கள்.

ஊசி போட்டு உயிரை முடிப்பதும் செயற்கைச் சுவாசத்தை விலக்குவதும் தனித்தனிக் கேள்வியாக இருக்கட்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் கடும் நிபந்தனைகளோடு அனுமதித்தது இரண்டாவதை மட்டுமே. சேர்த்துக் கேட்டால் எதற்குப் பதில் வந்தது என்றே தெரியாது.

'பரிதாபம்' இன்னொரு கண்ணி. யார் மேல்? தூக்கு மேடையில் நிற்பவர் மேலா, கொல்லப்பட்டவரின் தாய் மேலா? ஆளைச் சொல்லாமல் கேட்டால் எதிரெதிர் மனநிலைக்காரர்கள் ஒரே மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

நடுவில் விழும் பூஜ்யத்தையும் நம்ப வேண்டாம். எதுவும் தோன்றாதவரும் இரண்டு பக்கமும் கிழிபடுபவரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். சாதக உணர்ச்சிக்கு 0–3, பாதகத்துக்குத் தனியாக 0–3 என்று கேளுங்கள். இரண்டின் சராசரியிலிருந்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் மனக்குழப்பத்தின் அளவு வரும். 3, 3 சொன்னவருக்கு 3. 0, 0 சொன்னவருக்கு 0. 3, 0 சொன்னவருக்கு மைனஸ் 1.5. கருணைக்கொலைக்கு இந்தக் கணக்கைப் போடாமல் அறிக்கை எழுத உட்காராதீர்கள்.

கடைசியில் க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) படுமோசமாக வந்தால் கேள்விகளைக் குறை சொல்லுமுன், தாளில் சாதகமும் பாதகமும் இடம் மாறி அச்சான ஜோடிகளின் மதிப்பெண்ணைத் திருப்பினீர்களா என்று பாருங்கள்.