மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ், 20ஆம் இலக்கம்

லண்டனில் ஃபின்ச்லி ரோட் ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் கொஞ்சம் ஏறினால் மேர்ஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் என்ற தெரு வரும். அங்கே 20ஆம் இலக்கத்துச் செங்கல் வீடு, உளப்பகுப்பாய்வை, அதாவது நோயாளியைப் பேசவைத்து மனதை ஆராயும் முறையை, உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் கடைசியாக வாழ்ந்த வீடு. இப்போது அது மியூசியம். இந்த ஊருக்குப் புதிதாக வருகிற எங்கள் ஆட்களை நான் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். உளப்பகுப்பாய்வு தெரிய வேண்டியதில்லை. அந்த மனிதர் 82 வயதில், தாடையில் புற்றுநோயோடு, அகதியாக வந்து குடியேறிய வீடு அது. அதற்காகத்தான்.

1938 மார்ச்சில் ஆஸ்திரியா நாஜிகளின் கைக்குப் போனது. மகள் அன்னாவை நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போ விசாரணைக்குக் கொண்டுபோன பிறகுதான், வியன்னாவை விட்டு அசையமாட்டேன் என்றிருந்த ஃபிராய்ட் மனம் மாறினார். வெளியேறுவதற்கே வரி கட்ட வேண்டியிருந்தது. மிச்சக் கதை எங்களுக்குத் தெரிந்த கதைதான்: கடிதம், முத்திரை, தெரிந்தவருக்குத் தெரிந்தவர். அவருடைய சீடரான பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ் இங்கே அனுமதிக்காக ஓடித்திரிந்தார். மேரி போனபார்ட் என்ற இளவரசி பணத்துக்குக் கைகொடுத்தார். ஜூனில் குடும்பம் லண்டன் வந்து சேர்ந்தது.

கீழ்த்தளத்தில் இருக்கிற படிப்பறையைப் பார்க்க வேண்டும். கட்டடக்கலைஞரான மகன் எர்னஸ்ட் அங்கே இரண்டு அறைகளை ஒன்றாக்கிக் கொடுத்தார். வியன்னாவிலிருந்து வந்த சாமான்களைப் பழைய அறையில் இருந்தபடியே அடுக்கினார்கள். மேசையில் எந்தச் சிலை எந்த இடத்தில் நின்றது என்பதை மனதில் வைத்திருந்து திருப்பி வைத்தவர் வீட்டு வேலைகளைப் பார்த்த பவுலா ஃபிக்டல். 2000க்கும் மேற்பட்ட பழம்பொருட்களைச் சேர்த்திருந்த மனிதர் ஃபிராய்ட். எகிப்தியத் தெய்வங்களும் கிரேக்கச் சிலைகளும் நிற்கிற அந்த மேசையில் தந்தத்தில் செதுக்கிய ஒரு விஷ்ணுவும் நிற்கிறார். 1931இல், 75ஆவது பிறந்தநாளுக்காகக் கல்கத்தாவிலிருந்து இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அனுப்பிய பரிசு. வியன்னாவை விட்டுத் தப்பி வந்த சாமான்களோடு அவரும் வந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

எல்லாரும் பார்க்கப் போவது, நோயாளிகள் படுத்துப் பேசிய, விரிப்புப் போட்ட அந்தச் சாய்மஞ்சத்தை. எனக்கு மனதில் நிற்பது மேசைக்குப் பின்னால் இருக்கிற கதிரை. ஒரு காலைக் கைப்பிடியின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு. அதற்கு ஏற்றமாதிரி 1930இல் செய்வித்தது. தலைபோல ஒடுங்கிய முதுகுச் சாய்வு, இரு பக்கமும் கைபோல வளைந்த பிடிகள். அதில் இருந்துதான் இங்கேயும் எழுதினார். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை நோயாளிகளையும் பார்த்தார்.

பழசை மறந்தால்தான் இந்த நாட்டில் காலூன்றலாம் என்று எங்களுக்குப் பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. பழைய அறையைத் திரும்பக் கட்டிக்கொண்டதால்தான் அந்தக் கிழவரால் இங்கேயும் வேலை செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாம் வந்து சேரவில்லை. அவருடைய நான்கு சகோதரிகள் வியன்னாவிலேயே நின்றுவிட்டார்கள். நால்வரும் பின்னாளில் நாஜிகளின் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார்கள். 1939 செப்டம்பர் 23 அன்று இந்த வீட்டிலேயே கண்மூடிய ஃபிராய்டுக்கு அது தெரியாது.

படிப்பறையோடு திரும்பிவிட வேண்டாம், மாடிக்கும் ஏறுங்கள். அங்கே அன்னாவின் அறையும் அவர் நெசவு செய்த தறியும் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டிய வயதில் தகப்பனோடு வந்தவர், போர்க்காலத்தில் லண்டன் பிள்ளைகளுக்கான காப்பகங்களை நடத்தினார். குழந்தைகளின் மனநலத்துக்காகவே கடைசிவரை உழைத்து, 1982இல் இறக்கும்வரை இந்த வீட்டிலேயே இருந்தார். நான்கு வருடம் கழித்து வீடு மியூசியமானது. வெளிச்சுவரில் இங்கே வாழ்ந்தவர் இவர் என்று சொல்கிற நீலப் பலகைகள், தகப்பனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என இரண்டு இருக்கின்றன. என்னோடு வருகிற பிள்ளைகளிடம் முதலில் மகளின் கதையைத்தான் சொல்கிறேன்.