இடது கைக்கு 90 கண்ணி

ஜனவரி 4

அக்காவின் ஸ்வெட்டருக்கு வலது கை முடிந்தது. இரவு 1.20.

ஜனவரி 5

ஒரு கையை முடித்த சூட்டோடு இன்னொன்றைத் தொடங்கிவிட வேண்டும். விட்டால் ஒற்றைக் கையோடு மாதக்கணக்கில் பையில் கிடக்கும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. இது அப்படிக் கிடக்கக் கூடாது.

கழுத்திலிருந்து கீழே இறங்குகிற பின்னல் இது. உடம்பைப் பின்னும்போதே கைக்கான 62 கண்ணிகளைப் பழைய நூல் ஒன்றில் கோத்து நிறுத்தி வைத்திருந்தேன். அவற்றை ஊசிக்கு மாற்றி, அக்குளில் 12 எடுத்தால் 74. அக்குளின் இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். வலது கையில் விழுந்ததை நூல் வாலால் தைத்து மூடினேன். இந்த முறை மூலைக்கு ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டேன். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை. அந்தச் சின்ன விஷயத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அந்தப் பச்சை ஐ ஷேடோ வந்து சேர்ந்தது. என் 41ஆவது பான், அதாவது கண்ணிமைப் பூச்சு இருக்கும் குட்டித் தட்டு. பார்வைக்குச் சாதாரண மண்பழுப்பு. விரல் நுனியால் தொட்டு முன்கையில் இழுத்ததும் பழுப்பின் மேல் பச்சை ஓடுகிறது. கையை மெல்லத் திருப்பினால் பச்சை நகர்ந்து நகர்ந்து ஓரத்தில் நீலமாகி அணைகிறது. பொன்வண்டின் முதுகு அப்படியே. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். படத்தில் வெறும் பழுப்பாகத்தான் விழுந்தது.

ஜனவரி 7

படத்தைப் பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

ஜனவரி 8

31 சுற்று. வட்ட ஊசியில் திரும்பும் இடத்தில் ஏணி மாதிரி இடைவெளி விழுந்துகொண்டே வருகிறது. திரும்பியதும் முதல் கண்ணியை இறுக்கிப் பயனில்லை, இரண்டாவதைத்தான் இறுக்க வேண்டும். தெரிந்தும் மறந்துவிடுகிறேன். மனது எங்கேயோ இருக்கிறது.

ஜனவரி 9

அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான்கு பான்களை எடுத்துப் போனேன். ஸ்வாட்ச், நிறம் பார்க்க இழுக்கும் பூச்சு, எப்போதும் அவளுடைய இடது முன்கையில்தான் போடுவோம். என் கையில் போட்டால் நிறம் சரியாகத் தெரிவதில்லை என்று அவள்தான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தாள். இன்று நான் மூடியைத் திறந்ததும் வலது கையை நீட்டினாள். நானும் எதுவும் கேட்கவில்லை. எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

செம்பு நிறம் அவளுக்குப் பிடித்திருக்கிறது. பொன்வண்டை மட்டும் மூன்று முறை போடச் சொன்னாள்.

இடது கையில் அந்தத் தோல் நிற உறை, மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதுவும் பின்னல்தான். தட்டையாகப் பின்னி, பக்கவாட்டில் மூட்டியிருக்கிறார்கள். கண்ணிகள் அவ்வளவு பொடிசு, மூக்குக்கு அருகே கொண்டுபோனால்தான் V வடிவம் தெரிகிறது. இந்த மாதிரி உறை மணிக்கட்டில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும், வீங்கின கையில் தேங்கின நீர் மேல்நோக்கி நகர வேண்டும் என்பதற்காக. கையின் ஒவ்வொரு இடத்திலும் டேப் வைத்து, அவளுக்கென்றே அளவெடுத்துப் பின்னியது.

“அவங்க அளந்தாங்க. நீ அளக்கவே இல்லையேடி” என்றாள்.

அளந்தேன். உறைக்கு மேலேயே. மேற்கை வலது 29, இடது 34. மணிக்கட்டு வலது 15.5, இடது 18.5.

இந்த எண்களை நான் ஏன் முதலிலேயே எடுக்கவில்லை?

ஜனவரி 10

பிரித்துவிட்டேன். 31 சுற்றும்.

ஜனவரி 11

பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கிறது. அப்படியே பின்னினால் கண்ணிகள் கோணிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துணியில் ஒற்றித் தொங்கவிட்டிருக்கிறேன்.

கணக்கு போட்டேன். இந்த நூலில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 சுற்று. நான் நம்பியிருந்தது பின்னல் ஆசிரியை எலிசபெத் ஸிம்மர்மன் வகுத்துத் தந்த விகிதம். ஸ்வெட்டரின் உடம்புச் சுற்று 100 என்றால் மணிக்கட்டு 20, மேற்கை 33. என்னுடைய உடம்புச் சுற்று 220 கண்ணி. அதில் 33 சதவீதம் ஏறத்தாழ 73, மணிக்கட்டுக்கு 44. நான் 74, 46 என்று வைத்துக்கொண்டேன். வலது கைக்கு அது கச்சிதமாக வந்தது. ரொம்ப நல்ல கணக்கு, எத்தனையோ பேரைக் காகிதத்தில் அச்சடித்த மாதிரியைப் பார்க்காமலே பின்ன வைத்த கணக்கு. ஆனால் அதில் இரண்டு கைக்கும் ஒரே எண்தான்.

இடது கைக்கு 34 செ.மீ., அதோடு தளர்வுக்கு 7. மொத்தம் 41. அப்படியானால் 90 கண்ணி. மணிக்கட்டுக்கு 56.

62ம் 12ம் சேர்ந்தால் 74தானே. மீதி 16 எங்கிருந்து வரும்? இரவெல்லாம் இதுதான் ஓடியது. மீனவர்களுக்கென்று பின்னிய கான்ஸி ஸ்வெட்டர்களில் அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டு இருக்கும், கையைத் தூக்கினால் இழுபடாமல் இருக்க. அதையே செய்யலாம். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, அக்குளின் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்டினால் 16 சுற்றில் 90 வந்துவிடும். நான் மட்டும் அப்புறம் குறைக்காமல் கைக்கே விட்டுவிடுவேன்.

ஜனவரி 13

தூக்கம் வரவில்லை. பேலட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனை மினுமினுப்புக்கும் அடியில் இருப்பது மைக்கா, நம் காக்காப்பொன். சின்ன வயதில் மண்ணில் பொறுக்கி, நகத்தால் ஏடு ஏடாக உரித்தோமே, அதே கல். அதைப் பொடியாக்கி, ஒவ்வொரு துகளின் மேலும் டைட்டானியம் டை ஆக்ஸைடை மெல்லிசாகப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சு மெல்லியதாக இருந்தால் வெள்ளி. கொஞ்சம் தடித்தால் பொன், அப்புறம் சிவப்பு, நீலம், பச்சை. சாயம் எதுவும் சேர்ப்பதில்லை. சோப்புக் குமிழியில் நிறம் வருகிற மாதிரிதான், ஒளி மேல் பரப்பிலும் கீழ்ப் பரப்பிலும் பட்டுத் திரும்பிக் கலக்கிறது. வெள்ளிக்கும் பச்சைக்கும் நடுவே சுமார் 100 நானோமீட்டர்தான் வித்தியாசம். என் கம்பளி இழை ஒன்றின் தடிமனே 19 மைக்ரான். அதை 190 பங்காகப் பிளந்தால் ஒரு பங்கு அது. அவ்வளவில் நிறமே மாறிவிடுகிறது.

நான் 5 செ.மீ. வித்தியாசத்தை ஒரு மாதமாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம் அந்த இன்னொரு விஷயமும் இரவில்தான் வந்து நிற்கிறது. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் கைவிட்ட சுரங்கங்களில் பிள்ளைகள் குழிக்குள் இறங்கி இந்தக் கல்லைப் பொறுக்குகிறார்கள். மண் சரிந்து செத்திருக்கிறார்கள். என் 41 பான்களில் எத்தனையில் அந்தக் கல் இருக்கிறது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘மைக்கா’ என்று மட்டும்தான் அச்சிடுகிறார்கள், எங்கிருந்து என்று போடுவதில்லை. ‘சிந்தெடிக் ஃபுளூர்புளோகோபைட்’ என்று இருந்தால் உலையில் உருக்கிச் செய்த மைக்கா. மைக்கா என்ற பெயரே இல்லாமல் அது மட்டும் இருக்கும் பான்களைத் தனியாக எடுத்து வைத்தேன். ஒன்பது. பொன்வண்டு அதில் இருக்கிறது. இனி வாங்கினால் அப்படித்தான்.

ஜனவரி 15

மருத்துவமனையிலிருந்து இன்னும் அழைக்கவில்லை.

ஜனவரி 16

அழைக்கவில்லை. 16 சுற்று முடிந்தது. 90 கண்ணி.

ஜனவரி 17

வலது கையின் விளிம்பையும் பிரித்தேன். 2க்கு 2 என்று ரிப், அந்த வரிவரியான பின்னல், போட்டிருந்தேன். ரிப் உள்ளே சுருங்கிப் பிடிக்கும், அதன் வேலையே அதுதான். இடது மணிக்கட்டை எதுவும் பிடிக்கக் கூடாது, வளையல்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அப்படியானால் இடதுக்கு கார்ட்டர் பின்னல், ஒரு சுற்று நிட் (நேர்ப் பின்னல்), ஒரு சுற்று பர்ல் (புறப் பின்னல்). அது படுத்துக் கிடக்கும், இழுக்காது. முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசியால் தளர்வாக முடிக்க வேண்டும்.

ஒன்று ரிப், ஒன்று கார்ட்டர் என்று இருந்தால் பார்க்கிற எல்லோரும் எது எந்தக் கை என்று பார்ப்பார்கள். அதனால் இரண்டும் கார்ட்டர். அகலம் வேறாக இருக்கட்டும், விளிம்பு ஒன்றாக இருக்கும்.

ஜனவரி 19

சிகிச்சையில் அக்காவுக்கு இமை முடி முழுக்கப் போய்விட்டது. “பல்லி முட்டை மாதிரி இருக்கேன்” என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அப்புறம் திடீரென்று, “அந்த வண்டுக் கலரை ஒரு நாள் போட்டு விடேன்” என்றாள்.

போட்டுவிடலாமா?

வந்ததிலிருந்து இதுதான். அந்தப் பானில் என் விரல் ஐம்பது தடவையாவது போயிருக்கும். இப்போது அவள் இரத்த அணுக்கள் குறைந்திருக்கிற நிலையில் என் விரல் பட்ட எதையும் அவள் கண்ணருகே கொண்டுபோக மாட்டேன். ஆல்கஹால் தெளித்தால் மேல் பரப்புதான் சுத்தமாகும். பிரஷும் பழையது. அதோடு பொடி உதிரும். உதிர்வதைத் தடுக்க அவளுக்கு இமை முடி இல்லை. இமை முடி அழகுக்கு மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், தூசியைத் தடுக்கிற வேலிதான் முதலில் அது. மின்னுகிற துகள் அளவில் பெரியதாக இருக்கும்போது உறுத்தலும் அதிகம்.

ஆனால் ஆசைப்பட்டுக் கேட்டாள். நவம்பருக்குப் பிறகு அவள் எதையாவது வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் முறை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

கிரீம். குச்சியாக வரும் கிரீம் ஷேடோ. காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளும், பொடி மாதிரி உதிராது. புதிதாக, சீல் பிரிக்காதது, அவளுக்கு மட்டும். முதலில் அவள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான்.

ஜனவரி 21

சரி என்று சொல்லிவிட்டார்கள்! இமையின் நடுவில் மட்டும், விளிம்பில் வேண்டாம், கண் சிவந்தால் உடனே கழுவிவிட வேண்டும், தினமும் வேண்டாம்.

பழுப்பில் பச்சை ஓடுகிற குச்சியைத் தேடுகிறேன்.

ஜனவரி 23

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி அளந்தேன். 35.5. போன தடவை அளந்தது காலையில். நாள் முழுக்கக் கை தொங்கியிருந்தால் மாலையில் ஏறுமாம். இனி அளந்தால் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கால் மணி நேரம் ஊசியைத் தொடவில்லை. மறுபடி பிரிப்பதா? அப்புறம் நிதானமாகப் பார்த்தேன். 41இல் 35.5 போனால் 5.5 மிச்சம். வலது கைக்கு நான் விட்டதே 5தான். போதும். போதும்.

5 சுற்றுக்கு ஒரு முறை இரண்டு கண்ணி குறைக்கிறேன். 17 முறை, 85 சுற்று. 90 அப்போது 56 ஆகும். அதற்குப் பிறகு 13 சுற்று குறைக்காமல், அப்புறம் விளிம்பு.

ஜனவரி 24

7 முறை குறைத்தாயிற்று. 76 கண்ணி.

ஜனவரி 26

யாரோ அவளிடம், “இப்போ எதுக்கு ஸ்வெட்டர், கை சரியானப்புறம் அளவு மாறிடுமே” என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அதை என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. இப்போதுதான் குளிர்கிறது அவளுக்கு. இருக்கிற கைக்குத்தான் பின்ன முடியும். மாறினால் பிரித்துப் பின்னுகிறேன். பிரிப்பது எனக்குப் பெரிய விஷயமா?

கோபத்தில் இறுக்கிப் பின்னி நான்கு சுற்று கெட்டியாகிவிட்டது. அவிழ்த்தேன்.

ஜனவரி 29

போட்டுவிட்டேன்.

குச்சியைக் கண்ணில் நேராக வைக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோதிர விரலில் எடுத்து, இமை நடுவில் ஒற்றினேன். இமைத் தோல் அவ்வளவு மெல்லிசு, அடியில் கருவிழி உருள்வது விரலுக்குத் தெரிந்தது. காய ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கச் சொன்னேன். மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்து மூடச் சொன்னேன். பழுப்பு. ஜன்னல் பக்கம் திரும்பினாள், பச்சை. கண்ணாடியை வாங்கி, தலையை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடி இல்லாத இமையில் பூச்சு தடையில்லாமல் முழுதாகத் தெரிகிறது, எங்கள் இருவருக்கும் தெரிந்த எந்த ஸ்வாட்ச்சிலும் இவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை. அதை அவளிடமே சொன்னேன். சொல்லலாமா என்று யோசிக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

“அப்போ படம் எடு” என்றாள்.

இந்த முறை படத்தில் பச்சை விழுந்தது.

ஜனவரி 30

அழைத்தார்கள். 4ஆம் தேதி, காலை 9 மணி. போனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம்.

பிப்ரவரி 1

17 முறையும் முடிந்தது. 56. எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.

பிப்ரவரி 2

குறைக்காத 13 சுற்றில் இருக்கிறேன். வேண்டுமென்றே மெதுவாக. விளிம்பை அங்கே போய்க் காத்திருக்கும்போது பின்னலாம் என்று வைத்திருக்கிறேன். மூங்கில் ஊசியை எடுத்துப் போக வேண்டும், உலோக ஊசி சத்தம் போடும்.

பிப்ரவரி 3

நூல் மூன்றாவது உருண்டையின் கடைசியில் இருக்கிறது. நான்காவது உருண்டையின் சாயத் தொகுதி எண் வேறு என்று இன்றுதான் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு துளி நீலம் கூடுதல். விளிம்புக்கு மட்டும் அதைப் போட்டால் கோடு போட்ட மாதிரி தெரியும். இரண்டு சுற்று இது, இரண்டு சுற்று அது என்று மாற்றி மாற்றிக் கலந்தால் தெரியாது. வலது கை விளிம்பை இன்னும் திரும்பப் பின்னவில்லை, அதிலும் அப்படியே செய்துவிடலாம்.

அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள். நாளைக்கு வண்டுக் கலர் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்கிறாள். 7 மணிக்கே வந்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன். இரண்டு உருண்டையும் பையில் வைத்தாயிற்று, டேப்பும்